மைசூரில் பிறந்த ஜாவா: ஒரு பழைய வண்டியை அடையாளம் காண்பதும் மீட்பதும்

பழைய ஜாவா அல்லது யெஸ்டி வண்டியொன்றை வாங்கிச் சீரமைக்க விரும்பும் நண்பர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் விலை பற்றியது. இரண்டாவது, உதிரிபாகங்கள் கிடைக்குமா என்பது. இவ்விரண்டுக்கும் முன்னர்க் கேட்கப்பட வேண்டிய கேள்வி வேறு: நம்முன் நிற்பது எந்த வண்டி? அது எந்த ஆண்டில், எந்த நிலையில் ஆலையைவிட்டு வெளியேறியது? அதன்பின் எவரெவர் கைகளில் என்னென்ன மாற்றங்களைப் பெற்றது? இக்கேள்விக்கு விடை காணாமல் தொடங்கும் சீரமைப்பு, ஏட்டின் காலத்தை அறியாமலே அதைப் பதிப்பிக்க முனைவதைப் போன்றது. இப்பதிவு சற்று நீண்டது. வண்டியின் வரலாறு, பெயர், அடையாளம், பழுதுநீக்கம், சட்டம் என்ற வரிசையில் செல்கிறது.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். விடுதலைக்குப் பின் இந்தியாவில் மோட்டார் சைக்கிள் வாங்குவது எளிதன்று. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் உரிமமின்றி ஆலை தொடங்குவதைத் தடுத்தது. 1957ஆம் ஆண்டு வாக்கில் எழுந்த அந்நியச் செலாவணி நெருக்கடி இறக்குமதியின் கதவை மேலும் சாத்தியது. வெளிநாட்டு வண்டிகளைத் தருவித்து விற்றுவந்தவர்களுக்கு எஞ்சிய வழி, உரிமம் பெற்று இங்கேயே செய்வதுதான். சென்னையில் 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது இச்சூழலில்தான். போலந்து வடிவமைப்பைத் தழுவிய ராஜ்தூத் வண்டியை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் 1960களில் வெளியிட்டதும் இதே சூழலில்தான்.

பம்பாயில் செக்கோஸ்லோவாகியா நாட்டு ஜாவா வண்டிகளை இறக்குமதி செய்துவந்த ருஸ்தம் ஈரானியும் ஃபரோக் ஈரானியும் தேர்ந்தெடுத்த இடம் மைசூர். 1960இல் ஐடியல் ஜாவா நிறுவனம் உருவாயிற்று. யாதவகிரியில் ஆலை எழுந்தது. அப்போது மைசூர் மாநில ஆளுநராக இருந்த ஜயசாமராஜ உடையார் அதைத் திறந்துவைத்தார். 1961 முதல் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. செக்கோஸ்லோவாகியாவுடனான உறவு அக்காலத்தில் இருசக்கர வண்டியோடு நின்றுவிடவில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். திருச்சியின் பாரத மிகுமின் நிறுவனத்தில் கொதிகலன் ஆலை எழுந்தது அந்நாட்டின் தொழில்நுட்ப உதவியோடுதான். கல்கத்தாவை அடுத்த பாட்டாநகரின் செருப்பாலைக்கும் வேர் அந்நாட்டிலேயே உள்ளது. மைசூர் ஜாவா அந்த நெடிய உறவின் ஒரு கண்ணி.

இனிப் பெயர்கள். மொழியியல் பயின்றவன் என்பதால் இவ்விடத்தில் சற்றே நிற்க விரும்புகிறேன். ஜாவா என்னும் பெயருக்கும் பழந்தமிழ் நூல்கள் சாவகம் எனக் குறிக்கும் தீவுக்கும் தொடர்பில்லை. ஃபிரான்டிஷெக் யானெச்செக் என்னும் செக் தொழிலதிபர் 1929இல் ஜெர்மனியின் வாண்டரர் நிறுவனத்திடமிருந்து 500 சி.சி. வண்டியொன்றின் உரிமையைப் பெற்றார். இரு பெயர்களின் முதலெழுத்துகளையும் சேர்த்து ஆக்கப்பட்டதே அப்பெயர். செக் மொழியில் அதன் ஒலிப்பு யாவா. ஆங்கில எழுத்தொலிப்பின் வழியே நம்மிடம் வந்தபோது யகரம் ஜகரமாயிற்று.

யெஸ்டி என்னும் பெயரில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. 1973 முதல் மைசூர் வண்டிகள் இப்பெயரைத் தாங்கின. இதன் தோற்றத்துக்கு இரு விளக்கங்கள் வழங்குகின்றன. செக் மொழியில் அவன் வண்டியில் செல்கிறான் எனப் பொருள்படும் வினைச்சொல்லின் ஒலிப்பு ஏறத்தாழ யெஸ்தீ என்பதாகும். ஈரானி குடும்பத்தார் பின்பற்றும் ஜரதுஷ்டிர சமயத்தின் தொன்மையான இருப்பிடங்களுள் ஒன்று ஈரானின் யஸ்து நகரம். ஒலியளவில் இரண்டுமே பொருந்துகின்றன. எதை ஏற்றாலும், முதற்பெயரில் நாம் இழந்த யகரம் இரண்டாம் பெயரில் எழுத்தளவிலேயே காக்கப்பட்டிருக்கிறது. மைசூர் மாநிலம் கர்நாடகம் எனப் பெயர் மாறியதும் அதே 1973இல்தான். இதைத் தற்செயல் என்றே கொள்ள வேண்டும். எனினும் ஒரு வண்டியின் காலத்தை மனத்தில் நிறுத்த இவ்வொற்றுமை பயன்படும்.

மைசூரில் முதலில் செய்யப்பட்ட 250 சி.சி. ஜாவாவுக்குச் செக் நாட்டில் ஒரு செல்லப்பெயர் உண்டு: கீவாச்கா. ஆடுதல், அசைதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து பிறந்த சொல் அது. பின்சக்கரத்தைத் தாங்கும் கவை மேலும் கீழும் ஆடுவதால் அப்பெயர். அதற்கு முந்தைய வண்டிக்கு வில்சுருளைக் குறிக்கும் சொல்லிலிருந்து பேராக் என்று பெயர் வந்தது. இரு பெயர்களும் வண்டியின் உறுப்பமைப்பை அப்படியே சொல்லிவிடுகின்றன. நம் நாட்டில் அவை வழங்கவில்லை. இங்கு ஏ டைப், பி டைப் என்ற பெயர்களே நிலைத்தன. யெஸ்டிக் காலத்தில் ஆயில்கிங், 1978 முதல் ரோடுகிங், பிறகு கிளாசிக், டீலக்ஸ், மோனார்க் எனப் பெயர்கள் பெருகின. 1980களில் இரு சிலிண்டர் கொண்ட 350 சி.சி. வண்டியும் வந்தது.

இப்பெயர்ப் பட்டியலை மனனம் செய்வதால் மட்டும் வண்டியை அடையாளம் கண்டுவிட முடியாது. காரணம் எளிது. ஒரே ஆலை, ஒரே அடிப்படை வடிவம், பல்லாண்டுகள். ஆகவே ஒரு வண்டியின் உறுப்பு இன்னொன்றில் பொருந்திவிடும். சந்தையில் ஜாவாவுக்கு யெஸ்டியைவிட மதிப்பு மிகுதி. எனவே யெஸ்டியின் உடலில் ஜாவாவின் டேங்க்கைப் பொருத்தி, அரக்குச் சிவப்பு வண்ணமும் பொன்னிறக் கோடும் தீட்டி, சின்னத்தை மாற்றி விற்பது அரிய நிகழ்வன்று. எஞ்சினின் பக்கவாட்டு மூடியில் புடைப்பாக வார்க்கப்பட்டுள்ள பெயரைப் பார்த்து முடிவுகட்டுவோர் உளர். அம்மூடி சில திருகாணிகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் பொருள். எளிதில் கழலும் உறுப்பு எதையும் முதற்சான்றாகக் கொள்ளலாகாது என்பதே இத்துறையின் முதல் விதி.

கழற்ற இயலாத சான்றுகள் இரண்டு. ஒன்று, சட்டகத்தின் தலைப்பகுதியிலுள்ள சேஸிஸ் எண். மற்றது, எஞ்சினின் வார்ப்புடலில் பொறிக்கப்பட்ட எண். இவ்விரண்டையும் பதிவுச் சான்றிதழோடு ஒப்பிட வேண்டும். எண் பொருந்தினால் மட்டும் போதாது, பொறிப்பையும் படிக்க வேண்டும். இலக்கங்களின் ஆழம் ஒரே சீராக உள்ளதா? ஒரு இலக்கம் மட்டும் வேறு அச்சிலிருந்து வந்ததுபோல் தோன்றுகிறதா? சுற்றியுள்ள உலோகம் அரம்கொண்டு தேய்க்கப்பட்டிருக்கிறதா? அவ்விடத்தில் மட்டும் புதுவண்ணம் பூசப்பட்டிருக்கிறதா? வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு ஆய்விலும் பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள். எண்ணின்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுக்கும் படி அது. கல்வெட்டாய்வாளர் எடுக்கும் மைப்படியும் இதே முறையின் மூத்த உடன்பிறப்புதான். தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் நெடுங்காலம் காக்கப்பட்டு வந்ததும் இதே மைசூரில் என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. வாங்குமுன் நீங்களே ஒரு பென்சில் பிரிண்ட் எடுங்கள். கண்ணுக்குத் தப்பிய திருத்தம் தாளில் தெரிந்துவிடும்.

இதை வெறும் ஆர்வலர் பிடிவாதமாகக் கருத வேண்டாம். எண் திருத்தப்பட்ட வண்டி திருட்டு வண்டியாக இருக்கக்கூடும். அதை வாங்கியவர் விலையை இழப்பதோடு காவல் நிலையப் படியும் ஏற நேரிடும். களவுபோன வண்டிகளின் விவரத்தைச் சரிபார்க்க தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணையச் சேவை உண்டு. கைமாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவற்றில் விற்பவரின் கையொப்பம் தேவை. வேறு மாநில வண்டியெனில் படிவம் 28இன் வழியான தடையின்மைச் சான்றும் வேண்டும். பதிவு 15 ஆண்டுகளில் காலாவதியாகும். அதன்பின் ஐந்தைந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். மைசூர் ஆலை 1996இல் மூடப்பட்டது. எனவே இன்று விற்பனைக்கு வரும் எந்த யெஸ்டியும் அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டது. ஆவணமில்லாத வண்டி எவ்வளவு அழகாயிருந்தாலும் சாலையில் அதற்கு இடமில்லை. டெல்லித் தலைநகர வட்டாரத்திலோ 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் ஓடுவதற்கான தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அங்கு வாங்க எண்ணுவோர் இதை முதலில் கருத வேண்டும்.

அடையாளம் உறுதியான பிறகே பழுதுநீக்கம். பல ஆண்டுகள் நின்ற வண்டியைக் கண்டதும் உதைத்துப் பார்க்கும் ஆசை எழும். அதை அடக்குங்கள். பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர் சுவரில் துருவோடு ஒட்டியிருக்கலாம். ஒரே உதையில் வளையம் முறியும், சுவர் கீறும். பிளக்கைக் கழற்றிச் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டுப் பின்னர் மெல்ல அசைத்துப் பார்ப்பதே முறை. இவ்வண்டியில் கியர் மாற்றும் நெம்பும் உதைக்கும் நெம்பும் ஒன்றே. உட்புறம் அழுத்திச் சுழற்றினால் அதுவே கிக்கராகிவிடும். இதை அறியாதவர் நெம்பு உடைந்துள்ளதென எண்ணி விலை குறைத்துக் கேட்பதும், அதை விற்பவர் சிரித்துக்கொண்டே மறுப்பதும் உண்டு. கியர் நெம்பை அசைக்கும்போதே கிளட்ச் தானாக விடுபடும் அமைப்பும் இதன் தனிச்சிறப்பு. வாங்குமுன் அது இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனின் கீழுள்ள அறையும் மூச்சுவிடும் உறுப்பாகும். அங்கு அழுத்தம் கசிந்தால் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. கிராங்க் தண்டின் இருபுறமும் உள்ள ஆயில் சீல்கள் ஆண்டுக்கணக்கில் நின்ற வண்டியில் காய்ந்து இறுகியிருக்கும். கிளட்ச் பக்கச் சீல் பழுதானால் கியர் எண்ணெய் உள்ளே இழுக்கப்பட்டுப் புகை திரளும், கியர்பெட்டியில் எண்ணெய் குறையும். டைனமோ பக்கச் சீல் பழுதானால் காற்று உட்புகும், கலவை மெலியும், எஞ்சின் கட்டுக்கடங்காமல் இரைந்து சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். புகை வருகிறதென்று உடனே சிலிண்டரைக் கடைய அனுப்புவோர் பலர். இரண்டு ரப்பர் வளையங்களின் பழுதுக்காக, ஆலையிலிருந்து வந்த அளவோடு எஞ்சியிருந்த ஒரு சிலிண்டர் அவ்வாறு தேவையின்றிக் கடையப்படுகிறது. கடையும் ஒவ்வொரு முறையும் உலோகம் குறைகிறது. குறைந்த உலோகம் மீளாது.

அடுத்தது மின்பொறி. பாயிண்ட்டைச் சுத்தம் செய்து இடைவெளியைச் சரிசெய்யுங்கள். கண்டென்சரை மாற்றுங்கள். பல வண்டிகள் இவ்வளவிலேயே உயிர்பெற்றுவிடும். டேங்க்கின் உட்துருவை நீக்காமல் புதுப் பெட்ரோல் ஊற்றினால் அத்துகள் கார்புரேட்டரை அடைக்கும். ஆயில்கிங் தவிர மற்றவற்றில் எண்ணெயைப் பெட்ரோலில் கலந்தே ஊற்ற வேண்டும். பழைய ஏ டைப், பி டைப் வண்டிகளுக்கு லிட்டருக்கு 40 மில்லி என்ற அளவு பொதுவழக்கு. இரு சைலன்சர்களின் உட்குழாய்களை இழுத்து வெளியே எடுத்துக் கரியைச் சுரண்டினால், இழந்ததாகக் கருதிய வலிமையில் ஒரு பங்கு திரும்பிவரும். பழைய பிரேக் கட்டைகளைச் சுரண்டும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. அவற்றில் கல்நார் இருக்கலாம். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

வேலை தொடங்குமுன் ஒவ்வொரு உறுப்பையும் படமெடுத்து, கழற்றிய வரிசையில் குறித்துவைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஏ டைப்பின் தொடக்கக்கால வண்டிகளில் யிகோவ் கார்புரேட்டர், பால் நிறுவன மின்கருவிகள் எனச் செக் நாட்டு உறுப்புகள் நேராகவே வந்தன. படிப்படியாக அவ்விடங்களை இந்திய உறுப்புகள் பிடித்தன. இன்று சிலர் இந்திய வண்டி ஆயிற்றே என்று செக் உறுப்பைக் கழற்றி எறிகிறார்கள். வேறு சிலர் 1970களின் வண்டிக்கு ஐரோப்பாவிலிருந்து செக் உறுப்பை வரவழைத்துப் பொருத்தி, அதுவே மூலம் என்கிறார்கள். இரு தரப்பாரும் மைசூர் ஆலையின் வரலாற்றை அழிக்கிறார்கள். எந்த ஆண்டில் எந்த உறுப்பு உள்நாட்டில் செய்யப்பட்டது என்பதற்கு இன்று எஞ்சியுள்ள நேர்ச்சான்று, தொடப்படாமல் நிற்கும் வண்டிகளே.

மூலம் என்னும் இச்சொல் இப்போது சட்டச் சொல்லாகவும் ஆகிவிட்டது. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனிப்பகுதி சேர்க்கப்பட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூலவடிவில் பேணப்பட்டு, சட்டகத்திலும் உடற்கூட்டிலும் எஞ்சினிலும் பெருமாற்றம் பெறாத வண்டிகளை அவ்வகையில் பதியலாம். புதுப்பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. அவற்றை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட இயலாது. ஜாவாக்கள் ஏறத்தாழ அனைத்தும் இந்த வயதை எட்டிவிட்டன. முதல் ரோடுகிங்குகள் 2028இல் எட்டும்.

இங்கே ஒரு நண்பரின் சிக்கலைக் குறிப்பிட வேண்டும். அவருடைய தந்தை 1970களின் தொடக்கத்தில் வாங்கிய ஜாவா வீட்டிலேயே இருக்கிறது. சேஸிஸ் எண் பதிவுச் சான்றோடு அச்சாகப் பொருந்துகிறது. எஞ்சின் எண் பொருந்தவில்லை. தந்தை மறைந்துவிட்டதால் கேட்பதற்கும் ஆளில்லை. பழைய காகிதக்கட்டைப் பிரித்தபோது 1981ஆம் ஆண்டின் பணிமனைச் சீட்டு கிடைத்தது. பிஸ்டன் இறுகிக் கிராங்க் பழுதானதால் யெஸ்டி எஞ்சின் பொருத்தப்பட்டதாக அதில் இருந்தது. பதிவுச் சான்றில் அது ஏற்றப்படவேயில்லை. மூலவடிவம் வேண்டுமெனில் அக்காலத்து ஜாவா எஞ்சின் ஒன்றைத் தேடிப் பொருத்தி, பழைய எண்ணை அதில் பொறித்துவிடலாம் என ஒரு தரகர் அறிவுரை கூறினாராம். அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, அவ்வாறு செய்தால் அவ்வண்டியின் உண்மை வரலாறே பொய்யாகிவிடும். தந்தை பல்லாண்டுகள் குடும்பத்தை ஏற்றிச்சென்றது அந்த யெஸ்டி எஞ்சினின் வலிமையில்தான்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு எஞ்சின் மாற்றத்தைப் பதிவு அலுவலகத்தின் அறிதலோடு சான்றில் ஏற்ற வழிசெய்கிறது. நண்பர் அப்பழைய சீட்டை இணைத்து அதற்கே விண்ணப்பித்திருக்கிறார். பழம்பெரும் வாகனத் தகுதி கிட்டாமல் போகலாம், சந்தை மதிப்பும் குறையலாம். இரண்டையும் அறிந்தே எடுத்த முடிவு அது. என் கருத்தும் அதுவே. பதிப்பாசிரியன் பாடவேறுபாட்டை மறைக்கக்கூடாது, அடிக்குறிப்பில் காட்ட வேண்டும். வண்டிக்கு அந்த அடிக்குறிப்பு பதிவுச் சான்றும் பணிமனைச் சீட்டுமே.

ஆலை ஏன் மூடியது என்பதற்கும் இவ்வண்டியின் உடலிலேயே விடையுண்டு. 1980களின் நடுவில் ஜப்பானியக் கூட்டில் 100 சி.சி. வண்டிகள் வந்தன. யமஹாவின் ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 இரண்டும் 1985இல் சந்தைக்கு வந்தவை. எரிபொருள் குறைவு, எடை குறைவு, பராமரிப்பும் குறைவு. 1990களில் புகைக் கட்டுப்பாடுகளும் இறுகின. கனத்த 250 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டி இவ்விரண்டுக்கும் ஈடுகொடுக்க முடியவில்லை. ஜாவா என்ற பெயர் 2018இலும் யெஸ்டி என்ற பெயர் 2022இலும் புதிய வண்டிகளின்மேல் மீண்டன. யெஸ்டி என்னும் பெயர் யாருக்கு உரியது என்பது கர்நாடக உயர் நீதிமன்றத்தில் வழக்காகவும் ஆயிற்று. பெயருக்கு உரிமை கோர ஆளுண்டு. அப்பெயரை வார்த்த, பொறித்த, கோடிட்ட கைகளை ஆவணப்படுத்தத்தான் ஆளில்லை.

ஆண்டுதோறும் ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு ஜாவா நாளாகக் கொண்டாடப்படுகிறது. மைசூரிலும் பெங்களூரிலும் பிற நகரங்களிலும் வண்டிகள் அணிவகுக்கின்றன. அந்நாளில் வண்டியைத் துடைத்து நிறுத்துவதோடு இன்னொரு பணியையும் சேர்த்துக்கொள்ளலாம். யாதவகிரி ஆலையில் பணியாற்றியவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். டெல்லி மாயாபுரி, கல்கத்தா மல்லிக் பஜார், சென்னைப் புதுப்பேட்டை ஆகிய இடங்களின் பழைய மெக்கானிக்குகளும் அவ்வாறே. வடக்கே ஒரு மெக்கானிக் பின்கவையைச் சிம்டா என்கிறார், அதாவது இடுக்கி. பற்சக்கரத்தைக் கராரி என்கிறார். செக் மக்கள் ஆட்டத்தைக் கண்டு பெயரிட்ட உறுப்புக்கு இங்கு வடிவத்தைக் கண்டு பெயரிட்டிருக்கிறார்கள். இச்சொற்களை எந்த உதிரிபாகப் பட்டியலும் அச்சிடவில்லை. அவர்களோடு அவையும் போய்விடும்.

ஆகவே வண்டி வாங்க விரும்பும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவே. எண்ணைப் படியுங்கள். ஆவணத்தை ஒப்பிடுங்கள். கழற்றுமுன் படமெடுங்கள். கடையுமுன் சீலைப் பாருங்கள். மாற்றிய உறுப்பை எறியாமல் நாளிட்டுப் பெட்டியில் வையுங்கள். வண்டியைச் சரிசெய்து தரும் முதியவரிடம் அவர் எங்கே, யாரிடம் தொழில் கற்றார் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி அப்பெட்டியிலேயே போடுங்கள். வண்டி நாளை வேறொருவர் கைக்குப் போகும்போது பெட்டியும் உடன் போகட்டும்.